முப்பத்தைந்துக்கு ஒரு அட்டை

முப்பத்திநாலு மார்க் வாங்கிய ஆளை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. முப்பத்திமூன்றும் பார்த்ததில்லை. இருபத்தெட்டு பார்த்திருக்கிறேன், முப்பத்தொன்று பார்த்திருக்கிறேன், முட்டை வாங்கியவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புளியங்காய் தின்றிருக்கிறேன். ஆனால் முப்பத்தைந்துக்கு ஒன்றிரண்டு குறைவாக வாங்கிய ஜீவன் இந்த ஊரில் கிடையாது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேப்பர் திருத்துகிற வாத்தியார் கூட்டிப் பார்ப்பார். முப்பத்திமூன்று வரும். 'தொலைஞ்சு போறான்' என்று ஏதாவது ஒரு பதிலுக்குப் பக்கத்தில் இரண்டு மார்க்கைப் போட்டு முப்பத்தைந்து ஆக்கிவிடுவார். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. இதைச் செய்யாத வாத்தியாரும் இல்லை.

எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முப்பத்தைந்து. இப்போது கூச்சமில்லாமல் எழுதுகிறேன். எழுபதுகளில் என்றால் கழுத்தை அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். யாராவது கேட்டால், "நல்ல மார்க்குதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். மார்க் எழுதியிருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மந்தைவெளியில் எங்கள் வீட்டு அலமாரியில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. வேலைக்குச் சேரும்போது ஒரே ஒரு தடவை வெளியே எடுத்தேன். அதை வாங்கிப் பார்த்த மனிதர் பிறந்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

வேலை தேனாம்பேட்டையில், ஓர் அலுவலகத்தில், கிளார்க். எங்கள் பெரிய ஆபீசர் ஏதோ மீட்டிங்குக்கு டெல்லி போய்விட்டு வந்தார். அங்கே யாரோ அவருக்குக் கம்ப்யூட்டரைக் காட்டியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக வராந்தாவில் நின்றுகொண்டு, "இங்கே யாருய்யா கணக்குல புலி?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் இருக்கிற இடம் அடையாறு பக்கம் என்றும், அந்த அறை முழுக்க ஏர்கண்டிஷன் என்றும் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. என் தலைக்கு மேலே இருந்த ஃபேன் மூன்று வாரமாகச் சுற்றவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

"மார்க் என்ன?"

"நல்ல மார்க் சார்."

"குட்" என்றார். எனக்கு நடந்த பரீட்சை அவ்வளவுதான்.

செய்ய வேண்டிய காரியம் இது. எங்கள் இலாகாவில் வருஷத்துக்கு ஒரு தரம் அட்டெண்டர்களுக்குப் பரீட்சை நடக்கும். தமிழ், கணக்கு, ஆபீஸ் நடைமுறை என்று மூன்று பேப்பர். மூன்றிலும் முப்பத்தைந்து எடுத்தால் அட்டெண்டர் ரெக்கார்டு கிளார்க் ஆகலாம். எல்லாக் கிளைகளும் சேர்ந்து அறுபது பேர் எழுதுவார்கள். அந்த ரிசல்ட்டை இந்தத் தடவை கம்ப்யூட்டர் போட வேண்டும். கையால் போட்டால் அரை நாள் வேலை, நடுவில் காபிக்கும் போய்வரலாம். கம்ப்யூட்டரில் போடுவதற்கு எனக்கு இரண்டு மாதம் பயிற்சி என்று உத்தரவு வந்தது.

அறுபது பேரில் ஒருவர் எங்கள் செக்‌ஷன் அட்டெண்டர். எல்லோருக்கும் அவர் அக்கா. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. செக்‌ஷன் வாசலில் ஒரு முக்காலி போட்டிருக்கும், அதுதான் பதினேழு வருஷமாக அவர் இடம். பெல் அடித்தால் எழுந்து உள்ளே வருவார், ஃபைலை வாங்குவார், கொண்டுபோய்க் கொடுப்பார், திரும்ப வந்து முக்காலியில் உட்காருவார். சாய்வதற்குச் சுவர்தான். தலை படுகிற இடத்தில் சுவரில் எண்ணெய்க்கறை தட்டு அகலத்துக்கு இருந்தது.

"எனக்கு சம்பளம்கூட ஏத்த வோணாம் நைனா" என்பார் என்னிடம். "கை வெச்ச நாற்காலி ஒண்ணு. அதுல இப்டி ரெண்டு பக்கமும் கைய வெச்சிக்கினு, முதுவ சாச்சிக்கினு ஒக்காரணும். ரெக்கார்டு கிளார்க்குக்கு அத்தத்தானே குடுக்குறாங்க?"

சம்பளமும் வேண்டும்தான். ஆனாலும் நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஐந்து தடவை எழுதியிருந்தார். தமிழும் ஆபீஸ் நடைமுறையும் ஒவ்வொரு தடவையும் பாஸ். நடைமுறையில் எங்களுக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்போம். கணக்குதான் காலை வாரியது. அதிலும் அந்தத் தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, இரண்டையும் திறந்துவைத்தால் தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பும்?

"ரெண்டு கொயாயையும் ஒண்ணா தொறந்து வுடுற கேனையன் எவன் நைனா? எங்க பக்கம் தண்ணி வர்றதே ஒரு மணி நேரம். அதுல கீய கொயாய வேற தொறந்து வுட்டா ஒதைக்க மாட்டாங்க?"

நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தக் கணக்கு வராது என்பது வேறு விஷயம்.

இந்த ஆறாவது தடவைதான் கடைசி. நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் உத்தரவு கைக்கு வந்துவிட வேண்டும், அது ரூல். அக்காவுக்கு ஆவணியில் முடிகிறது. உண்மையில் அவர் எப்போது பிறந்தார் என்று அவருக்கே தெரியாது. "இஸ்கூல்ல சேக்கசொல்ல வாத்தியாரு கேட்டாரு. எங்கம்மா, பெரிய மய பேஞ்ச வருசம்னுச்சு. அவரா ஒண்ணு எயுதிக்கினாரு. ரெண்டு வருசம் தள்ளி எயுதக் கூடாதா, பாவி மன்சன்!"

பயிற்சிக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். முதல் நாள் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து உள்ளே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்தேன். உள்ளே போனால் பச்சை விளக்குகளும் ஒரு பெரிய இரைச்சலும். சும்மா சொல்லக் கூடாது, குளிர் பிரமாதமாக இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர், படித்த இடத்திலெல்லாம் முதல் மாணவர். தொண்ணூறுக்குக் கீழே மார்க் என்று ஒன்று இருப்பதாக அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது வாரம் அவர் 'இஃப்' என்று ஒரு கட்டளையைச் சொல்லிக்கொடுத்தார். மழை பெய்தால் குடை எடுத்துக்கொள், பெய்யாவிட்டால் சும்மா போ என்று நாம் நாள் பூராவும் பேசுவதுதான். ஆனால் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் அப்போது எங்களுக்குக் கிடைத்த இஃப்புக்கு மூன்று வழி. ஒரு கழித்தலைப் போட்டு விடையைப் பார்க்க வேண்டும். விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் ஒரு வழி, சரியாகப் பூச்சியம் என்றால் ஒரு வழி, மேலே போனால் ஒரு வழி. லஸ் முனையில் நின்றுகொண்டு மந்தைவெளியா, ஆழ்வார்பேட்டையா, ராயப்பேட்டையா என்று முடிவு செய்கிற மாதிரி. எந்த வழி எங்கே போக வேண்டும் என்பதை வரிசையாக மூன்று நம்பராக எழுதிவிட வேண்டும். அதன் பிறகு மெஷின் உங்களைக் கேட்காது.

"கம்ப்யூட்டருக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது" என்றார் அவர். பெருமையாகத்தான் சொன்னார்.

என் புரோகிராமை எழுத உட்கார்ந்தேன். வாங்கிய மார்க்கிலிருந்து முப்பத்தைந்தைக் கழி. பத்தாம் நம்பர் வரிக்குப் போனால் ஃபெயில் என்று அச்சடிக்கும். இருபதாம் நம்பருக்குப் போனால் பாஸ். விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் குறைச்சலாக வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம், அவனுக்குப் பத்து. மேலே போனால் இருபது. நடுவில் பூச்சியம். பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். கழித்தால் மிச்சம் பூச்சியம். பூச்சியம் என்றால் முட்டை. முட்டை வாங்கியவன் எந்த ஊரில் பாஸாகியிருக்கிறான்? பத்து என்று எழுதினேன்.

என் மூளை அன்றைக்கு அப்படித்தான் வேலை செய்தது. என்னைக் கணக்கில் புலி என்று சொன்னது நான் இல்லை.

ஒரு வரிக்கு ஓர் அட்டை. நாம் தட்டுகிற எழுத்தையும் எண்ணையும் ஒரு மெஷின் நீளமான அட்டையில் ஓட்டைகளாகப் போட்டுக் கொடுக்கும், கம்ப்யூட்டர் படிப்பது அந்த ஓட்டைகளைத்தான். எல்லா அட்டைகளையும் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோனேன். சொல்லிக்கொடுத்தவர் பார்த்துவிட்டு, "மூணு வழி இருக்கு. மூணு மார்க் அட்டை போட்டு ஓட்டிப் பாருங்க. ஒண்ணு குறைச்சல், ஒண்ணு சமம், ஒண்ணு அதிகம்" என்றார்.

அன்றைக்கே செய்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. இருபதுக்கு ஓர் அட்டை அடித்தேன். அறுபதுக்கு ஓர் அட்டை அடித்தேன். மூன்றாவது அட்டையைச் செருகி, மூன்று என்று தட்டினேன். ஐந்தைத் தட்டக் கை வரவில்லை. பக்கத்து மெஷினில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் அந்த எண் என் நெற்றியில் எழுதியிருக்கிற மாதிரியும், அதை நானே விளக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரியும் இருந்தது. வெட்கம்தான், வேறென்ன. அட்டையை உருவிக் கூடையில் போட்டுவிட்டேன்.

"சமம் எங்கே?" என்றார் அவர்.

"சரியா முப்பத்தஞ்சு யார் சார் வாங்கப்போறாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். பூச்சியத்திலிருந்து நூறு வரை எத்தனை எண், அதில் முப்பத்தைந்து ஒன்று என்று வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். "ரொம்ப அபூர்வம்தான். சரி, விடுங்க" என்றார். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசாமல் நின்றேன்.

பரீட்சை நடந்தது. எங்கள் சூப்பிரண்டு கணக்குப் பேப்பர் திருத்தினார். மயிலாப்பூர்க்காரர், மூக்குப்பொடி போடுகிறவர். மார்க்கைக் கூட்டிச் சரிபார்க்க என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பேப்பர்களில் நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் தொட்டிக் கணக்குக்கு 'முதலில் கீழ்க் குழாயை மூட வேண்டும்' என்று எழுதிய பேப்பர் யாருடையது என்று எனக்கு நம்பர் பார்க்காமலே தெரிந்தது.

"முப்பத்திமூணு வரதுடா" என்றார் சூப்பிரண்டு. பொடியை உறிஞ்சிக்கொண்டு அந்த வரியைத் திரும்பப் படித்தார். "இதுல என்ன தப்பு? நியாயமாத்தானே எழுதியிருக்கு? தண்ணி வீணாப் போயிண்டிருந்தா மூடத்தானே வேணும்? இதுக்கு முட்டையைப் போட்டுட்டு ஆத்துல போய் எனக்குச் சாதம் இறங்குமோ?" சிவப்பு மசியில் இரண்டு என்று போட்டார். மொத்தத்தை அடித்து முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே சொல்லக் கூடாத விஷயம். ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், பிறகு முக்காலிக்குப் போய், "அக்கா, கணக்குல ஆயிடுச்சு" என்று காதோடு சொன்னேன்.

அக்கா கத்தவில்லை, சிரிக்கவில்லை. "நெசமா?" என்றார். "என் கண்ணால பார்த்தேன்" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெல் அடிக்காமலே எழுந்து உள்ளே போய்ப் பானைத் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரமே ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் போட்டுக்கொள்கிற சின்ன மெத்தை, பழைய புடவைத் துணியில், நீலப் பூ போட்டது. நியூஸ்பேப்பரில் சுற்றி ரெக்கார்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். எனக்கு மட்டும் பிரித்துக் காட்டினார். பஞ்சு அங்கங்கே கட்டி கட்டியாக இருந்தது. "ஒக்காந்தா சரியாப் பூடும்" என்றார்.

ரிசல்ட் வந்தது. இரு பக்கமும் ஓட்டை போட்ட அகலக் காகிதத்தில் நம்பரும், எதிரே பாஸ் அல்லது ஃபெயிலும். மார்க் இல்லை, ஏனென்றால் மார்க்கை வரிசையாக அச்சடிக்கிற பாடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. காகிதம் மடித்த மேனிக்குப் பெரிய ஆபீசர் மேஜைக்குப் போனது. அவரே கோந்துப் புட்டியோடு வந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். "கை படாத ரிசல்ட்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அவர் கை முழுக்கக் கோந்து.

அக்கா விரல் வைத்து வரிசையாக இறங்கினார். அவர் விரல் நின்ற இடத்தை நானும் பார்த்தேன். ஃபெயில்.

"எங்கேயோ தப்பு நடந்திருக்குக்கா" என்றேன்.

"மெசினுக்கு நான் யாருன்னு தெர்யுமா?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "தெர்யாது. அப்ப அது இன்னாத்துக்கு என்னாண்ட பொய் சொல்லப் போவுது? நீதான் நைனா பொய் சொல்லிட்ட. பாவம், கெய்வி மனசு நோவுமேன்னு சொல்லிட்ட. சொல்லாம இர்ந்திருக்கலாம்."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர் கக்கத்தில் அந்த நியூஸ்பேப்பர் பொட்டலம் இருந்தது.

பஸ்ஸில் என் புரோகிராமின் நகலை மடியில் விரித்துவைத்துப் பார்த்தேன். ஆழ்வார்பேட்டை தாண்டும்போது அந்த வரி கண்ணில் பட்டது. பத்து, பத்து, இருபது. நடுவில் இருபது இருந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். மந்தைவெளியில் இறங்காமல் டெர்மினஸ் வரை போய், திரும்பி நடந்து வந்தேன்.

ஆட்சேபம் ஏதாவது இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். அப்புறம் லிஸ்ட் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், போனால் அடுத்த வருஷம்தான். அக்காவுக்கு அடுத்த வருஷம் கிடையாது. மனு கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். "மெசின எதுத்து மனு எயுதச் சொல்றியா? சிரிப்பாங்க" என்று போய்விட்டார்.

ஆக, சொல்ல வேண்டியவன் நான்தான். இரண்டு நாள் சொல்லவில்லை. ஏன் என்று மழுப்ப விரும்பவில்லை. என்னைப் புரோகிராமராகப் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. அந்தக் குளிர் எனக்குப் பழகிவிட்டது. எம்.எஸ்ஸி. பெண் ஒரு நாள் என்னிடம் ரப்பர் பேண்டு கேட்டிருந்தாள். தப்பை ஒப்புக்கொண்டால், முப்பத்தைந்து அட்டையை ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்ல?

மூன்றாம் நாள் அக்கா டீ கொண்டுவந்தார். வழக்கமாக மேஜையில் கிளாஸை டக்கென்று வைத்து, "குடி நைனா, ஆறிப் பூடும்" என்பார். அன்றைக்குச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "டீ சார்" என்றார். அந்த ஒரு 'சார்' போதும். டீயைத் தொடாமல் எழுந்து சூப்பிரண்டிடம் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் பொடி டப்பாவை மூடினார். "நான் போட்ட மார்க் சிவப்பு மசியில இருக்கு. அதை எந்தக் கொம்பனும் தொட முடியாது. அந்த மெஷினை என்ன பண்றதுன்னு நீ போய்ச் சொல்லு. நான் இங்கேயே உக்காந்துண்டு இருக்கேன்" என்றார்.

பெரிய ஆபீசர், "மெஷின் தப்பு பண்ணுமாய்யா?" என்றார்.

"மெஷின் பண்ணலை சார். நான் பண்ணேன்."

"நீ எப்படிப் பண்ணுவே? நீ கணக்குல புலி ஆச்சே?"

ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தேன். மொசைக்கில் ஓர் இடத்தில் விரிசல் இருந்தது. "கணக்குல நான் முப்பத்தஞ்சு சார்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது. கூரை இடிந்து விழவில்லை. ஆபீசர்தான் நம்பவில்லை. நான் யாருக்காகவோ பரிந்துகொண்டு கதை கட்டுகிறேன் என்று நினைத்தார். லிஸ்ட் சரிதான், போய் வேலையைப் பார் என்றார்.

மறுநாள் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை உருவிக்கொண்டு போனேன். ரசகற்பூர உருண்டை வாசனையோடு அதை அவர் மேஜையில் வைத்தேன். "சார், இதுல பாஸுன்னு இருக்கு. என் மார்க்கை என் புரோகிராமிலேயே ஓட்டிப் பார்ப்போம். மெஷின் பாஸுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

அவருக்கு அது பிடித்திருந்தது. ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

அடையாற்றில் அவரும் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. இடது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அதைப் பார்க்காத மாதிரி நான் முன்னால் போனேன். எம்.எஸ்ஸி. பெண் அதே இடத்தில் இருந்தாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அட்டையைச் செருகி, மூன்று தட்டினேன், ஐந்து தட்டினேன். மற்ற இரண்டு பேப்பருக்கும் என் தமிழ், இங்கிலீஷ் மார்க்கைப் போட்டேன். நம்பர் இருக்கிற இடத்தில் ஒன்று என்று போட்டேன்.

அட்டைக் கட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் இரைந்தது. பிரிண்டர் கடகடவென்று ஒரே ஒரு வரி அடித்து நின்றது. ஆபீசர் ஒரு கையில் காகிதத்தையும் இன்னொரு கையில் என் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். புத்தகத்தில் ஹெட்மாஸ்டர் கையெழுத்தோடு பாஸ். காகிதத்தில் ஃபெயில்.

"என்னய்யா, நீ ஃபெயிலா?"

"மெஷின்படி ஆமாம் சார்."

சொல்லிக்கொடுத்தவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அப்படின்னா… சரியா முப்பத்தஞ்சு நிஜமாவே வாங்குறாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"யாரும் வாங்குறதில்லை சார். போடுறாங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆபீசருக்குப் புரிந்தது. அவர் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கு ஃபிஸிக்ஸ்ல" என்று ஆரம்பித்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஓர் அட்டையை மாற்றினேன். திரும்ப ஓட்டியதில் அறுபது பேரில் ஒன்பது பேர் ஃபெயிலிலிருந்து பாஸுக்கு வந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஏதாவது ஒரு பேப்பரில் முப்பத்தைந்து. முப்பத்திநாலோ முப்பத்திமூன்றோ ஒருவர்கூட இல்லை. ஒன்பது பேர். அக்கா ஒருத்தருக்காக நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னும் எட்டு வீட்டில் சோறு இறங்கியிருக்காது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் பயிற்சி அன்றோடு முடிந்தது. "கணக்குல புலின்னு சொன்னியே?" என்றார் ஆபீசர் ஜீப்பில் வரும்போது. "கையைத்தான் சார் தூக்கினேன்" என்றேன். மறுநாள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஃபேன் அப்போதும் சுற்றவில்லை. ஜீப் டிரைவர் உபயத்தில் என் மார்க் கேண்டீன் வரைக்கும் போயிருந்தது. "முப்பத்தஞ்சு வந்தாச்சா?" என்று ஒரு மாதத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

அக்காவுக்கு உத்தரவு ஆடி கடைசியில் வந்தது. ரெக்கார்டு அறையில் அவருக்கு மேஜை போட்டார்கள். ஸ்டோரிலிருந்து வந்த நாற்காலிக்குக் கை இல்லை. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "பரவால்ல, முதுவு கீதே" என்றார். முகம் சொன்னது வேறு. நான் என் இடத்துக்குப் போய் என் நாற்காலியைத் தூக்கினேன். அதற்கு இரண்டு கையும் இருந்தது. வராந்தா வழியாக அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வருவதைச் சூப்பிரண்டு பார்த்தார். பார்த்துவிட்டுப் பொடி போட்டுக்கொண்டார்.

அக்கா நியூஸ்பேப்பரைப் பிரித்து மெத்தையைப் போட்டார். உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கையை வைத்தார். மெதுவாகச் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். இதற்கெல்லாம் அழுகிறவன் இல்லை நான், ஆனால் அன்றைக்குக் கிட்டத்தட்ட அழுதேன்.

கண்ணைத் திறந்ததும் கேட்டார். "ஏன் நைனா, ஒனக்கும் முப்பத்தஞ்சாமே?"

"ஆமாக்கா."

"மொதல்ல எவ்ளோ வந்துச்சு? முப்பத்திமூணா, முப்பத்திநாலா?"

"தெரியலைக்கா."

"போட்டது யாரு?"

"தெரியாது. எந்த ஊர் வாத்தியாரோ."

"அட, அத்தகூட ரோசன பண்ணாம, இத்தினி வருசம் மூஞ்சிய மறைச்சிக்கினு சுத்திக்கினு இருந்தியா?" என்று சிரித்தார். பிறகு நாற்காலியின் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீ குட்சியா?" என்றார்.

நான் ஒரு தரம்கூட யோசித்ததில்லை. அந்த முப்பத்தைந்தை என் வெட்கம் என்றுதான் வைத்திருந்தேனே தவிர, அதில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று தோன்றியதே இல்லை. எங்கேயோ ஒரு பள்ளிக்கூட அறையில், வேகிற வெயிலில், கட்டுக்கட்டாகப் பேப்பர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். மெஷினைப் போலவே அவருக்கும் நம்பரைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் போட்டார்.